முழங்கால் சிராய்ப்பு: மருந்துக்கு முன்னால் தண்ணீர்

தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும் நான்கைந்து வயதுக் குழந்தை கால் இடறி விழுந்தால், பெரும்பாலும் தோல் உரிவது முழங்காலிலும் உள்ளங்கையிலும்தான். பார்ப்பதற்குக் கோரமாக இருந்தாலும் இந்தச் சிராய்ப்பு பொதுவாக ஆழமானதன்று. ஆனால் பரவலாகத் தோல் தேய்ந்து நரம்பு முனைகள் வெளிப்பட்டுவிடுவதால், சிறிய வெட்டுக்காயத்தைவிட இதில் எரிச்சல் அதிகம்; குழந்தை ஊரைக் கூட்டி அழுவதற்குச் செல்லம் மட்டும் காரணமன்று.

முதலில் குழந்தை கை கால்களை அசைக்கிறதா, காலை ஊன்றி நிற்கிறதா, தலையில் அடிபட்டதா என்று பாருங்கள். தலையில் அடிபட்டிருந்து, குழந்தை மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காமல் சொருகிப் போனாலோ, முழங்காலை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவசரப்பட வேண்டியதில்லை. "இந்தத் தரைதானே உன்னைத் தள்ளிவிட்டது?" என்று பாட்டி தரையை இரண்டு அடி அடிப்பதில் மருத்துவம் ஏதுமில்லை, எனினும் அந்த அரை நிமிடத்தில் அழுகை தணிந்து, குழந்தை காலை நீட்டிக் காட்டிவிடும் என்பதால் அதை நான் தடுப்பதில்லை.

உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின் காயத்தைக் குழாயடியில் காட்டுங்கள். குழாய் இல்லையென்றால் குடிக்கும் தண்ணீரைச் செம்பில் எடுத்துச் சீராக ஊற்றுங்கள். ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும். நம்மில் பலர் அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியைத் தேடுகிறோம். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம். அதன் பிறகும் ஒட்டியிருக்கும் மணலை, நனைத்த காஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடைத்தெடுங்கள். அப்படியும் வராத ஓரிரு துகள்களை ஸ்பிரிட்டில் துடைத்த சிறு இடுக்கியால் எடுக்கலாம். என் மகள் தார்ச் சாலையில் விழுந்த அன்று, அவள் அழுகிறாளே என்று ஒரு துகளை விட்டுவிட்டேன். அதன்மேல் தோல் மூடிக்கொண்டு, கடுகளவு நீலப் புள்ளியாக இன்றும் அவள் முழங்காலில் நிற்கிறது.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே திறந்து பார்த்தால் உறைந்த ரத்தம் மீண்டும் கலைந்துவிடும்.

மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை ஆகிய எதையும் அப்ப வேண்டாம். மஞ்சளுக்கு ஆற்றும் குணம் உண்டா என்பது வேறு விவாதம். நாள்தோறும் கரண்டி புகுந்து வரும் அஞ்சறைப்பெட்டித் தூள் கிருமியற்றதன்று, காயத்தின் உண்மையான நிலையையும் அது மறைத்துவிடும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தைக்கு இரண்டாம் முறையும் வலிக்கும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எரிவதோடு, புதிதாக வளரும் திசுவையும் பாதிக்கின்றன.

காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பார்கள். ஆனால் முழங்கால் மடங்கும் போதெல்லாம் காய்ந்த பொருக்கு வெடித்து ரத்தம் வரும். மெல்லிய பூச்சாக வாசலின் தடவி, ஒட்டாத வகைக் கட்டையோ பிளாஸ்திரியையோ போட்டு, நாள்தோறும் மாற்றுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய கட்டு ஒட்டியிருந்தால் இழுக்காமல், தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பதானால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஒரே கடையில் கிடைக்கும். குழந்தையின் எடைக்குரிய அளவை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

விழுந்தவுடன் டிடி எனப்படும் டெட்டனஸ் தடுப்பு ஊசி போட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டு அட்டவணைப்படி 6, 10, 14-ஆம் வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 வயதிலும் போடப்படும் தடுப்பூசிகளில் டெட்டனஸுக்கானதும் அடங்கியிருக்கிறது. அவை விடுபடாமல் போடப்பட்டு, கடைசித் தவணைக்குப் பின் 5 ஆண்டுகள் ஆகாதிருந்தால் பொதுவாகத் தனி ஊசி தேவையில்லை. தவணை விடுபட்டிருந்தால், தடுப்பூசி அட்டையுடன் மருத்துவரைப் பாருங்கள்.

அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காத காயம், வாய் பிளந்த வெட்டு, முகத்துக் காயம், ஆணி குத்திய துளை ஆகியவை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. நாயோ பூனையோ பிறாண்டிய கீறல், எவ்வளவு சிறியதானாலும், இந்தக் கணக்கில் சேராது. அதைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சாதாரணச் சிராய்ப்பு ஒன்றிரண்டு வாரத்தில் இளஞ்சிவப்புத் தோலாக மூடிக்கொள்ளும். ஆறும்போது அரிக்கும் என்பதால் குழந்தையின் நகங்களை வெட்டிவிடுங்கள். இடையில் சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.