ஒலி ஏன் அறுபடுகிறது: வீட்டுப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் வீட்டுப் பின்னறையில், ஒரு மடிக்கணினியையும் இரண்டு மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸையும் வைத்துக்கொண்டு, தேவாரமும் காவடிப் பாடல்களும் பதிவு செய்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதைக் கடந்த ஓர் ஆயா (பாட்டி), தம் தாயிடம் கேட்டுக் கற்ற ஒரு தாலாட்டை இங்கே பாடினார். பாதிப் பாட்டில் லோட் ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) நேரம் வந்து மின்சாரம் நின்றது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியதால் நாங்கள் நிறுத்தவில்லை. அன்று இரவு கேட்டபோதுதான், மின்சாரம் நின்ற பிறகு வந்த அடிகளில் மூன்று இடங்களில் குரல் அறுந்திருப்பது தெரிந்தது. அந்தத் தாலாட்டை அதே மூச்சோடு அவரால் மறுபடி பாட முடியவில்லை. அதன் பிறகு இந்தக் கோளாறின் காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கற்றேன். நான் செய்த தவறுகளையே பிறரும் செய்வதைப் பார்ப்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, புராசஸர் லோடு (புராசஸர் சுமக்கும் வேலை) என்பதை அளவாக மட்டும் நினைத்து, அது குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதை மறப்பது. கணினி ஒலியைத் தொடர்ச்சியாகக் கையாள்வதில்லை. பஃபர் எனப்படும் சிறு சிறு துண்டுகளாகவே கையாள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்ற கணக்கில், 128 சாம்பிள் பஃபர் வைத்தால், ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 2.7 மில்லிவினாடி. எல்லா ட்ராக்குகளின் (தனித்தனி ஒலித்தடங்களின்) பிளக்-இன்களும் (ஒலியைத் திருத்தும் சிறு மென்பொருள்களும்) அந்த நேரத்துக்குள் தங்கள் கணக்கை முடித்தாக வேண்டும். ஒரு துண்டு காலம் தாழ்ந்து வந்தால், அந்த இடத்தில் ஒலி இல்லை. அதுதான் நம் காதில் ‘டப்’ என்று விழுகிறது. மிருதங்கக்காரரின் கோர்வை எவ்வளவு நயமாக இருந்தாலும் சமத்தில் வந்து சேராவிட்டால் அது பிசகுதான். கணினிக்கும் அதே கணக்குதான்.

இதை உணராதவர்கள் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘சிபியூ 20 விழுக்காடுதான் காட்டுகிறது, ஆகவே புராசஸர் காரணமில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண், புராசஸருக்குள் இருக்கும் எல்லாக் கோர்களின் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளின்) சராசரி. எட்டுக் கோர்களில் ஒன்று முழுவதும் திணறிக்கொண்டிருந்தாலும், அதன் பங்காக அங்கே தெரிவது 12.5 விழுக்காடு மட்டுமே. ஒரே ட்ராக்கில் ஈக்யூ (தொனியைச் சரிசெய்வது), கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது) என்று வரிசையாக அடுக்கிய பிளக்-இன்களில், முன்னது முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும் என்பதால், அந்த வரிசையின் வேலை பல கோர்களுக்குப் பிரிந்து போவதில்லை. எனவே பார்க்க வேண்டியது பதிவு மென்பொருளுக்குள் புராசஸர் சுமையைக் காட்டும் மீட்டரை. அது உயர்ந்தால், எந்த ட்ராக்கின் பிளக்-இன்களை அணைத்ததும் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒன்றோ இரண்டோதான். அந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டால் (பிளக்-இன்களின் விளைவை ஒலிக்கோப்பாகவே எழுதி வைத்துவிட்டால்) மற்றவற்றைத் தொடவே வேண்டியதில்லை.

எல்லா வேலைக்கும் ஒரே பஃபர் அளவை வைத்திருப்பது அடுத்த தவறு. பாடகர் தம் குரலை மென்பொருள் வழியாக ஹெட்ஃபோனில் கேட்கும்போது பஃபர் சிறியதாக இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால், உள்ளே போக ஒரு முறையும் வெளியே வர ஒரு முறையுமாகச் சுமார் 10.7 மில்லிவினாடி தாமதம். அதற்கு மேல் இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. ஆகவே இது மூன்றரை மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதற்குச் சமம். அருகருகே உட்கார்ந்து பழகிய மிருதங்கக்காரருக்கு இது உறுத்தும். ஆனால் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். பஃபரைத் தயங்காமல் 512 அல்லது 1024-க்கு உயர்த்திவிடலாம். மிக்ஸ் செய்யும்போது அதுவே சரியான அளவு. அதே நேரத்தில், பஃபரை உயர்த்துவதை எல்லாவற்றுக்கும் மருந்தாக எண்ணவும் கூடாது. இடையிடையே எழும் திடீர் உச்சங்களை அது தாங்கும். வேலையின் மொத்தமே கிடைக்கும் நேரத்தை மீறினால், எந்த அளவும் காப்பாற்றாது.

பதிவு செய்யும் நேரத்தில் மாஸ்டர் ட்ராக்கில் (எல்லாத் தடங்களும் வந்து சேரும் இடத்தில்) லீனியர் ஃபேஸ் என்ற வகை ஈக்யூவையும், வரப்போகும் ஒலியை முன்னோக்கிப் பார்த்து உச்சங்களை அடக்கும் லிமிட்டரையும் போட்டு வைத்திருப்பதையும் பலரிடம் காண்கிறேன். இவை புராசஸருக்கு வேலை கொடுப்பதோடு, ஒலியைத் தாமதமாகவும் ஆக்குகின்றன. அவற்றின் இடம் பாடகர் வீட்டுக்குப் போன பிறகுதான். அதுபோலவே, எல்லா ட்ராக்குகளையும் பதிவுக்குத் தயார் நிலையில் விட்டுவைப்பதும் வேண்டாம். ரீப்பர், கியூபேஸ் போன்ற மென்பொருள்கள், நேரடியாகக் கேட்கப்படாத ட்ராக்குகளின் கணக்கை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ளும். நேரலையில் இருக்கும் ட்ராக்குக்கு அப்படிச் செய்ய வழியில்லை. ஆர்மோனியத்தைப் பதிவு செய்யும்போது ஆர்மோனிய ட்ராக் மட்டும் தயாராக இருந்தால் போதும்.

96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் தரம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையும் உண்டு. நிச்சயமாக இரட்டிப்பாவது கணக்கு வேலைதான். குரலுக்கும் ஆர்மோனியத்துக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம் என்பது என் முடிவு.

மென்பொருளை மட்டும் குறை சொல்லிக்கொண்டு ட்ரைவரைக் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) கவனிக்காமல் விடுவது விண்டோஸ் பயன்படுத்துவோரிடம் மிகப் பரவலான தவறு. இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் சொந்த ஆசியோ (தாமதம் குறைந்த ஒலிப்பதிவு முறை) ட்ரைவர் இருக்கும்போது பொதுவான மாற்று ட்ரைவரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் பிறகும் அறுபட்டால், லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒலிக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ட்ரைவர் புராசஸரைச் சில மில்லிவினாடிகள் பிடித்துவைத்துக்கொள்வதை அது காட்டித் தரும். வைஃபையும் கிராஃபிக்ஸ் ட்ரைவரும் அடிக்கடி அகப்படுபவை. வைஃபையை அணைத்ததும் தொல்லை தீர்ந்தால், பதிவு முடியும்வரை அது அணைந்தே இருக்கட்டும்.

நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்சாரம். 2007 இறுதியில் தொடங்கிய லோட் ஷெட்டிங் 2023-இல் மிகக் கடுமையாக இருந்தது. பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் பதிவு செய்யும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. சார்ஜர் நின்ற கணமே பல மடிக்கணினிகள் சிக்கன நிலைக்கு மாறி, புராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. சார்ஜரில் சுகமாக ஓடிய அதே பாட்டு பேட்டரியில் அறுபடுவதற்கு இதுவே காரணம். ஆயாவின் தாலாட்டிலும் நடந்தது இதுதான். பவர் அமைப்பில், பேட்டரிக்கும் தனியாக உயர் செயல்திறன் நிலையைத் தேர்ந்தெடுங்கள். யூஎஸ்பி இணைப்பை உறங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்துங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் வெள்ளோட்டம் பாருங்கள். போதிய வாட் இல்லாத மாற்றுச் சார்ஜரும் சில கணினிகளை இதே சிக்கன நிலையில் வைக்கும். காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் டர்பன் புழுக்கத்தில், சூடேறிய புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காமல், காற்று போகும்படி கட்டைகள்மேல் வையுங்கள்.

ஹார்ட் டிஸ்கைக் குற்றம் சொல்வதற்கு முன் கணக்குப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக்குக்கு வினாடிக்கு 1,44,000 பைட் போதும். பதினாறு ட்ராக்குகளும் சேர்ந்து 2.3 மெகாபைட்தான். ட்ராக்குகளைப் பதிவதற்கு அது பெரும் சுமை அல்ல. பதிவு நடக்கும் கோப்புறையை அதே நேரத்தில் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் சேமிப்புச் சேவைகளை நிறுத்தி வைப்பதே பயனுள்ள வேலை.

புராசஸருக்குச் சம்பந்தமே இல்லாத ஓசைகளையும் பிரித்தறிய வேண்டும். தொடர்ந்து ‘உம்ம்’ என்று ரீங்கரித்தால், இன்வெர்ட்டரையோ எர்த் இணைப்பையோ சந்தேகியுங்கள். இரண்டு கருவிகளை டிஜிட்டல் கேபிளால் இணைத்தபின், சீராக இடைவெளிவிட்டு ‘கிளிக்’ கேட்டால், அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை; ஒன்றை மற்றதன் கடிகாரத்தைப் பின்பற்றுமாறு அமைத்தால் அது நின்றுவிடும். பஃபரை எவ்வளவு மாற்றினாலும் இவை போகா.

கடைசியாக, எனக்கு மிகவும் வலித்த தவறு. இன்டர்ஃபேஸிலிருந்து நேரடியாகக் கேட்கும்போது, குரல் கணினிக்குள் போய்த் திரும்புவதில்லை. அதனால் உள்ளே பதிவு அறுந்துகொண்டிருந்தாலும் காதில் குரல் குறையின்றி ஒலிக்கும். அன்று நாங்கள் ஏமாந்தது இதில்தான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பஃபரை உயர்த்திவிட்டு, பதிவை இரண்டு முறை கேளுங்கள். ‘டப்’ ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்தால், ஒலிக்கும்போது ஏற்படும் கோளாறு. கோப்பு பத்திரமாக இருக்கிறது. இரண்டு முறையும் அதே இடத்தில் வந்தால், பிளக்-இன்களை அணைத்துவிட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வெட்டுத் தெரிந்தால் அது கோப்பிலேயே பதிந்துவிட்டது. பாடியவர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ஓர் அடியை மட்டும் மறுபடி பாடித் தரும்படி கேட்டுவிடலாம்.