மழையில் நனைந்த சைக்கிள் ஷூ: நாற்றம் போக நான் செய்தது

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் சாரலும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் வருஷத்தில் பாதி நாள் ஷூ ஈரம்தான். நாற்றம் வருவது வியர்வையால் மட்டுமல்ல. ஈரத்தில் பெருகும் பாக்டீரியா அந்த வியர்வையைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. ஆகவே வாசனைப் பவுடர் தீர்வல்ல, வேகமாக உலர்த்துவதே தீர்வு.

வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை உருவித் தனியே காயவைக்கிறேன். ஷூவுக்குள் தினசரித்தாளைக் கசக்கி, விரல் முனை வரை திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், மாற்றணும். இந்த மாற்றுதலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஊறிய தாள் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பிறகு மின்விசிறிக்கு நேரே, ஷூவின் வாயைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். அடுப்பருகே, உச்சி வெயிலில் வேண்டாம், பசை விட்டுப்போகும்.

வாடை ஏற்கெனவே பிடித்திருந்தால், காய்ந்த ஷூவில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா தூவி, ராத்திரி விட்டுக் காலையில் தட்டிவிடலாம்.

தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. முன்சக்கரம் அடிக்கும் நீர், கிளீட் (ஷூவைப் பெடலில் மாட்ட அடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் துண்டு) துளை வழியாகவும் ஏறுகிறது. உள் அட்டைக்கடியில் அந்தத் துளைமேல் டேப் ஒட்டுங்கள், முன்சக்கரத்துக்கு நீளமான மட்கார்டு போடுங்கள். கிளீட் போல்ட்டில் கிரீஸ் தடவாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். பருத்தி சாக்ஸைத் தவிர்த்து, கம்பளி கலந்தது போடுங்கள். விரலிடுக்கைத் துடைக்காமல் தூங்காதீர்கள், சேற்றுப்புண் வரும்.