அமியோடரோன் சாப்பிடுபவர் வீட்டில் தைராய்டின் மேல் ஒரு கண்

போன வருடக் கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, என் மனைவி மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கம்பளியைத் தேடினாள். வேலூரில் மே மாதத்தில் கம்பளி கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கொசப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அந்த மாதம் வெயிலைத் திட்டாமல் யாரும் பருப்பு வாங்கவில்லை. இவளுக்கு மட்டும் குளிர்ந்தது. வயதாகிவிட்டது, ரத்தம் குறைந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பால் இரண்டு மாதம் வீணாயிற்று.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான இதயத் துடிப்புக்காக அவள் பத்து மாதமாக அமியோடரோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மலச்சிக்கல், முக வீக்கம், முடி உதிர்வு எல்லாம் சேர்ந்த பிறகுதான் ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். 38. தைராய்டை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் இது, தைராய்டு சோம்பினால் ஏறும். சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்திருந்தது.

இதற்கும் இதய மாத்திரைக்கும் என்ன தொடர்பு? தைராய்டு தன் ஹார்மோனைச் செய்வது அயோடினை வைத்துத்தான். அது அளவு மீறினால் சுரப்பு குறையவும் செய்யலாம், மிகவும் செய்யலாம். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம். கடைக்காரன் கணக்கில் சொல்கிறேன்: வீட்டுக்கு வந்து சேரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு சின்ன மாத்திரைக்குள் ஐந்து பாக்கெட் உப்பின் அயோடின் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் தினமும் உடலில் பிரிந்து கலக்கிறது என்றாலும், நமக்குத் தேவையான 150 மைக்ரோகிராமைப் போல அது பல மடங்கு. ஆகவே சமையலில் அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கு மாறிப் பயனில்லை. நாங்கள் ஒரு வாரம் மாறிப் பார்த்தோம். ரசம் கரித்ததுதான் மிச்சம்.

மாத்திரை தொடங்கும் முன்பே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) இரண்டையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கழுத்தில் வீக்கமோ குடும்பத்தில் தைராய்டு நோயோ இருந்தால் மருத்துவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறி இறங்குவது வழக்கம். அந்தச் சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சோதனையே பொய் சொல்லும். ரத்தம் கொடுக்கும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுரப்பு குறைந்தால் பெரும்பாலும் அமியோடரோனை நிறுத்தாமலேயே தைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சேர்ப்பார்கள். இதய நோயாளி என்பதால் இவளுக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் காபியைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை அதற்குத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது எதிர்ப்பக்கம்: சுரப்பு மிகுந்துபோவது. வியர்வையை வைத்து அதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் வழியே இல்லை, கோடையில் சுவரே வியர்க்கும். மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைத் தணிக்கும் மாத்திரை சாப்பிட்டால் கை நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். எனவே காரணமில்லாமல் எடை குறைகிறதா, அடங்கியிருந்த துடிப்பு மறுபடி தாறுமாறாகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சீராகத் துடிப்பவர்களுக்குச் சரி. மாற்றம் தெரிந்தால் ஆறு மாதச் சோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு மாறும்போது ரத்தம் உறையும் அளவும் மாறும், அதை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனையையும் நினைவூட்டுங்கள்.

பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். துடிப்பு கெட்டுவிடும், மருந்தோ கொழுப்பில் தங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியேறாது. மருத்துவரே நிறுத்தினாலும் அதன்பின் ஒரு வருடம் வரை தைராய்டைப் பார்க்க வேண்டும். புதிதாகப் போகும் மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

எடை பார்க்கத் தனியாக எதுவும் நான் வாங்கவில்லை. மாதம் முதல் தேதி, கடை திறக்கும் முன், அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொல்கிறேன். "ஏங்க, நானும் உங்களுக்கு மூட்டைதானா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவாள். கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். இந்த மாதம் 61 கிலோ 400 கிராம். போன மாதத்தை விட 200 கிராம்தான் வித்தியாசம்.