குவில்ட்டின் அடித்துணியில் சுருக்கம்: என் அனுபவம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மெஷினில் தைத்து முடிக்கும் குவில்ட்டில் (மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை), மேல்பக்கம் ஒழுங்காக இருந்தும் அடித்துணி மடிந்து சுருக்கம் விழுந்தது. காரணம், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சாதாரண பிரஸ்ஸர் ஃபுட். ஊசிக்குக் கீழே உள்ள மெஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ளும்போது, ஃபுட் மேல்துணியை அழுத்தித் தடுக்கிறது. மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டியதும் பாதி சரியானது.

மீதி, தைப்பதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. அடித்துணியை நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டி, இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மடிப்பில்லாமல் இருந்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி உள்வாங்கி அதுவே சுருக்கமாகிவிடும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. ஊக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஊசி அளவு 90/14, தையல் நீளம் 3 மி.மீ. முதல் கோட்டை நடுவில் போடுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஒரே திசையில் தைத்தால் இடையிலுள்ள துணி குறுக்காக இழுபடாது. குவில்ட்டின் கனம் மேசையிலிருந்து தொங்கினால் தையல் குட்டையாகும், சிலநேரம் ஊசியே வளையும். இடப்பக்கம் இன்னொரு மேசை போட்டுத் தாங்கிக்கொள்ளுங்கள்.