கேரவன் வண்டியில் கேஸ் அலாரம்: பின்பக்கத் தேதியைப் பாருங்கள்

அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ள கேரவன் வண்டியைப் பழையதாக வாங்கினால், முதல் வேலையாக கேஸ் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு. மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கத்துகிறதே, போதாதா? போதாது. ஒலியும் மின்சுற்றும் வேலை செய்வதை மட்டுமே அந்தப் பட்டன் காட்டும். காலாவதியான சென்சார் வாயுவை உணருமா என்பது அதற்குத் தெரியாது.

அடுப்பு சிலிண்டரில் இருக்கும் எரிவாயுவான புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் அந்த அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அதன் முன்னால் பை, செருப்பு என்று குவித்து மறைத்துவிடாதீர்கள். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து எங்கும் பரவும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதற்கான அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டும்.

ஹேர் ஸ்ப்ரே அடித்தாலே புரொப்பேன் அலாரம் அலறலாம். பல ஸ்ப்ரே டப்பாக்களில் உந்துவாயுவே புரொப்பேனும் பியூட்டேனும்தான். எரிச்சலில் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள், ஜன்னலைத் திறந்தால் அடங்கிவிடும்.

காரணம் தெரியாமல் அடித்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வாருங்கள். அப்புறம் வெளியிலிருக்கும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். அடித்தது கார்பன் மோனாக்சைடு அலாரம் என்றால், பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் புகை உங்கள் ஜன்னல் வழியாகவும் நுழையும். யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.