இறந்தவர் பெயரில் பட்டா: நகர்ப்புற வீட்டு மானியத்தை மீட்ட வழி

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தாமே வீடு கட்டிக்கொள்ளும் ஏழைக் குடும்பத்துக்கு மத்திய அரசின் பங்கு ரூ.1.5 லட்சம். இது கடனல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். எங்கள் விண்ணப்பம் நின்றது பட்டாவில். அது காலமான அப்பா பெயரிலேயே இருந்தது.

முதலில் தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ். அதில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் பின்னால் எல்லாம் சிக்கும். அடுத்து, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வெறும் தாளில் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்துக்கு மதிப்பில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆகவேண்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், உச்சவரம்பும் உண்டு. ஆதாரில் உள்ள பெயரும் இன்ஷியலும் பத்திரத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள்.

பிறகுதான் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல் மனு. முழு மனையும் ஒருவருக்கே என்றால் 'உட்பிரிவு இல்லாத' வகை. பாகம் பிரித்தால் நில அளவர் வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பணம் தவணையாகத்தான் வரும். கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இடத்தைக் காட்டும் இருப்பிடக் குறியீட்டோடு (ஜியோ-டேக்) வீட்டைப் படம் எடுப்பார்கள். அஸ்திவாரப் படம் பதிவாகும் முன் சுவரை எழுப்பாதீர்கள்.