டென்ட்டுக்குள் கேட்ஜெட்: பெங்களூருவிலிருந்து கேம்பிங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போன். ஆக நாலு தடவை ஃபுல் சார்ஜ். ஒயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ சனிக்கிழமை காலையில் டென்ட்டோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இதுதான். இது தப்புக் கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. 20 ஆம்ப்-அவரை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர். அதை 5 அல்லது 9 வோல்ட்டுக்கு ஏற்றி, கேபிளில் கொஞ்சம் சூடாக விட்டு, போனுக்குள் மறுபடி இறக்கும்போது மிஞ்சுவது 60-65. போன் பேட்டரி சுமார் 19 வாட்-அவர். மூன்று தடவை நிறைந்தால் நல்ல பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எம்ஏஎச்சை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வாட்-அவரில் எழுதுங்கள். கனகபுரா பக்கம் ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் ஒரு ராத்திரி தங்குகிறீர்கள், கிரிக்கெட் மேட்ச் பார்க்க ப்ரொஜெக்டர் உண்டு என்றால் கணக்கு இப்படி வரும். ப்ரொஜெக்டர் 60 வாட், 3 மணி நேரம்: 180. எல்இடி ஸ்ட்ரிப் 10 வாட், 6 மணி நேரம்: 60. போன்கள் ஆளுக்கு 15 வீதம் 150. மொத்தம் 390. மாற்றும்போது வீணாவதைச் சேர்க்க 0.85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 460. "300 வாட் பவர் ஸ்டேஷன் (பெரிய பவர் பேங்க் மாதிரியான பேட்டரிப் பெட்டி) இருக்கே, போதும்" என்று கிளம்பினால் கடைசி ஓவர்களில் திரை இருண்டுவிடும். 300 வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கான அளவு. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வாட்-அவர்தான் சொல்லும். விளம்பரத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் குழப்புவார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் சார்ஜைக் குடிக்கும் ஒன்று உண்டு: ஏசி (மாறுமின்சார) பட்டன். பவர் ஸ்டேஷனில் ஏசியை ஆன் செய்து விட்டுவிட்டால், எதையும் சொருகாவிட்டாலும் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10 வாட் போல இழுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி 10 மணிக்குத் தூங்கிக் காலை 6 மணிக்கு எழுந்தால் 80 வாட்-அவர் போயே போச்சு. நாலு போனுக்கான சார்ஜ் அது. லேப்டாப்பை அதன் அடாப்டரைப் போட்டு ஏசியில் சொருகுவதும் இதே ரகம்: நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, மறுபடி நேர்மின்சாரமாக்குகிறீர்கள். டைப்-சி வழியாக நேரே கொடுங்கள். விளக்கு, ஃபேன் எல்லாம் 12 வோல்ட் அல்லது யூஎஸ்பியில் ஓடட்டும். ஏசி பட்டன் ப்ரொஜெக்டருக்கு மட்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லை பவர் பேங்கில் வரும். சின்ன யூஎஸ்பி விளக்குச் சரத்தைச் சொருகுவீர்கள். அரை நிமிஷம் எரிந்து அணைந்துவிடும். விளக்கு கெட்டுப்போகவில்லை. 50-100 மில்லி ஆம்புக்குக் கீழே இழுத்தால் "போன் ஃபுல் ஆகிவிட்டது" என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். சில மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட மோட் வரும். அது இல்லையென்றால், சொந்த பேட்டரி உள்ள லாந்தரே மேல்.

எலக்ட்ரிக் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் 1,500-2,000 வாட். சின்ன பவர் ஸ்டேஷன் உடனே ட்ரிப் ஆகும். பெரியது தாங்கினாலும் டீ போட்டே தீர்ந்துவிடும். சூடாக்குகிற வேலையை கேஸுக்கு விடுங்கள்.

காரை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 வோல்ட் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்ப். அதாவது 120-180 வாட்டுக்கு மேல் இழுத்தால் ஃப்யூஸ் போகும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை ராத்திரி முழுக்க இஞ்சின் ஓடாத காரில் விட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்ப்-அவர் அளவுதான், அதிலும் பாதியைத் தொட்டாலே ஸ்டார்ட்டர் முனகும். ஃபிரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு செட்டிங் இருக்கும். அதை 'ஹை'யில் வையுங்கள். விலை குறைந்த தெர்மோ எலக்ட்ரிக் கூலர் பெட்டியை வாங்கிவிட்டு ஐஸ் எதிர்பார்க்காதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 15-20 வரை இறக்கும், அவ்வளவுதான். தயிர் சாதத்துக்கும் மோருக்கும் ஐஸ் கட்டி போட்ட சாதாரண ஐஸ் பெட்டியே போதும்.

சோலார் பேனலில் நடக்கும் தவறு விசித்திரமானது. பேனலையும் பவர் ஸ்டேஷனையும் சேர்த்தே வெயிலில் வைப்பார்கள். இல்லையென்றால் இரண்டையும் மர நிழலுக்குக் கொண்டுபோவார்கள். பேனல் வெயிலில், பெட்டி நிழலில் இருக்க வேண்டும். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது, சூடேறினால் பெட்டி தானாகவே சார்ஜிங்கை நிறுத்திவிடும். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் பாதியாகச் சரியக்கூடும். மேலும் 100 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. ஏப்ரல் வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும், டிகிரிக்கு 0.3-0.4 சதவீதம் வீதம் அங்கேயே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். 60-70 வாட் வந்தால் சந்தோஷப்படுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பேனலைத் தெற்குப் பார்த்து 30 டிகிரி போலத் தூக்கி வைத்தால் வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும்.

சிக்னலும் சட்டமும்

சங்கமா, முத்தத்தி போன்ற காவிரிக் கரைப் பக்கம் இறங்கினால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். டவரைத் தேடித் தேடியே போன் வடிந்துவிடும். தேவையில்லாத நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். ஆனால் வரைபடம் போனுக்குள் இருக்க வேண்டும். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதைகளுக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் ஆப் துணைக்கு இருக்கட்டும். யுபிஐயை மட்டும் நம்பிப் போனால் செக்போஸ்ட்டிலும் பெட்டிக்கடையிலும் கையைப் பிசைய வேண்டிவரும். சில்லறை நோட்டாக ஒரு 1,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அழைப்பு போகும்.

சிக்னல் இல்லை என்றதும் டெக் பிரியர்களின் மூளை வேறு பக்கம் ஓடும். அமெரிக்காவிலிருந்து வரும் நண்பரிடம் சாட்டிலைட் மெசெஞ்சர் கொண்டுவரச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அரசு அனுமதியில்லாத சாட்டிலைட் போனும் மெசெஞ்சரும் இந்தியாவில் சட்டவிரோதம். இவற்றோடு விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வாக்கி-டாக்கிக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், 2018 முதல் லைசென்ஸ் வேண்டியதில்லை. மற்ற அலைவரிசைகளில் 5 வாட் தள்ளும் மலிவு செட்டுகளை அமெச்சூர் (ஹாம் ரேடியோ) லைசென்ஸ் இல்லாமல் இயக்கக்கூடாது. லோரா ரேடியோ போர்டு வைத்து, டவர் இல்லாமலே ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை ஓட்ட ஆசையா? 915 மெகாஹெர்ட்ஸ் போர்டு அமெரிக்காவுக்கானது. இங்கே 865-868. 868 என்று விற்கும் போர்டை வாங்கி, செட்டிங்கில் இந்தியா மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் ஆன் செய்யாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் கருகும், அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

ட்ரோன் விஷயத்தில் "250 கிராமுக்குக் கீழேதானே" என்பது எங்கும் பறக்கவிடும் அனுமதிச் சீட்டு இல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை என்றாலும் வான்வெளி மண்டலங்கள் எல்லோருக்கும் பொது. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் 400 அடி வரைதான். தேவனஹள்ளி, எலஹங்கா, ஜக்கூர், எச்ஏஎல் என்று பெங்களூருவைச் சுற்றி ஓடுதளங்கள் இருப்பதால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். காட்டுக்குள் வனத்துறை அனுமதி தனி. ராமநகரத்தில் ராமதேவர பெட்டாவின் பாறைகளில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அது 2012-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம்.

டென்ட் போடும் இடமும் அப்படித்தான். அழகாக இருக்கிறதே என்று காப்புக் காட்டில் அடித்துவிட முடியாது. கனகபுராவைத் தாண்டினால் யானை நடமாட்டம் நிஜம். ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போனால் பேச்சுக்குத் தமிழ் உதவும். ஆனால் அங்கே அனுமதி தரவேண்டியது தமிழ்நாடு வனத்துறை. கர்நாடக இணையதளத்தில் பதிவு செய்த ரசீது செல்லாது.

மழை, இடி, நெருப்பு

ஏப்ரல்-மே சாயங்காலங்களில் பெங்களூருவைச் சுற்றி இடியோடு மழை கொட்டும். சாவன்துர்கா மாதிரி மொட்டைப் பாறையில் நிற்கும்போது அதைவிட மோசமான சூழ்நிலை இல்லை. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐஐடிஎம் உருவாக்கிய 'தாமினி' ஆப் பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும். சிக்னல் உள்ள இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் இருந்தால் உடனே காருக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்து வெளியே வாருங்கள். டென்ட்டும் உலோகக் கால் வைத்த பந்தலும் மின்னலுக்கு அடைக்கலம் ஆகாது.

ஐபி67 (தண்ணீர் புகாத தரம்) ஸ்பீக்கர் மழையில் நனையலாம். நனைந்த போர்ட்டில் சார்ஜரைச் சொருகினால் பின்கள் அரித்துப்போகும். துடைத்துக் காயவிட்டுச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புல் தரையில் போடாமல் கல்மேல் தூக்கி வையுங்கள்.

கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ குளிருக்காக டென்ட்டுக்குள் கொண்டுபோவது உயிர்க் கொலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். அணைந்த மாதிரித் தெரியும் கரியும் அதை வெளியிடும். கையடக்க பியூட்டேன் அடுப்பில் அகலமான தோசைக்கல் போட்டால் வெப்பம் பக்கத்திலிருக்கும் கேன்மேல் திரும்பி, கேன் வெடிக்கலாம். பாத்திரத்தின் விளிம்பு கேன் அறையைத் தொடக்கூடாது. காற்றுக்காக அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைப்பதும் இதே ஆபத்துதான்.

கூட்டமும் விளக்கும்

பத்துப் பேர் உட்காரும் இடத்துக்கு நடுவே 6,500 கெல்வின் வெள்ளை விளக்கைத் தொங்கவிட்டால் சாம்பாரில் பூச்சி விழும். 2,200-2,700 கெல்வின் மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். ஒரு வெள்ளை விளக்கை 15 மீட்டர் தள்ளி வைத்தால் பாதிப் பூச்சி அங்கே போய்விடும். நட்சத்திரம் பார்க்கிற எண்ணம் இருந்தால் ஹெட்லேம்பைச் சிவப்பு மோடில் போடுங்கள்; கண் இருட்டுக்குப் பழக 20-30 நிமிஷம் ஆகும், யாராவது ஒருவர் போனைத் திறந்து முகத்தில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. எங்கள் அபிப்பிராயத்தில் ஸ்பீக்கரை 9 மணிக்கே அணைத்துவிட்டு அந்தாக்‌ஷரி தொடங்கலாம். பக்கத்து டென்ட்டுக்காரரும் பாட்டுக்கு வந்துவிடுவார்.

இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தின வாரமே மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள். ஏசியை ஆஃப் செய்து ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டு, காலையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த கேபிள் எதில் போகாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் ஈர டென்ட்டைப் பையோடு பரணில் போட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நாறும்; கொடியில் விரித்துக் காயவையுங்கள். பவர் ஸ்டேஷனை ஃபுல்லாகவோ காலியாகவோ வைக்காமல் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் அளவைப் பாருங்கள். உப்பிப்போன பவர் பேங்க் இருந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.